வளர்த்தித் துணி

திங்கள்நகர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
மருந்துக்கடை மாடியில் என் மிஷின்.
மே மாதக் கடைசியில்
படிவரை பிள்ளைகள் நிற்கும்.
நான் டேப்பைப் போட்டுச் சொல்லச் சொல்ல
லில்லிபுஷ்பம் நோட்டில் எழுதுவாள்.
போன வருசத்தைவிட ஒன்றரை இஞ்சு, இரண்டு,
சில பையன்கள் மூன்று.
“வளர்த்தி விட்டுத் தையுங்க,
அடுத்த வருசமும் ஓட்டணும்” என்பார்கள் தாய்மார்,
ஏதோ பிள்ளை வளர்வது என் தப்பு மாதிரி.
ஒவ்வொரு பாவாடைக்கு உள்ளேயும்
இரண்டு இஞ்சு துணியை மடித்து
ஒளித்து வைப்பேன்.

கண்டன்விளை கொத்தனார் கில்பர்ட் மகள்
ஜெஸ்மிதாவுக்கும் அப்படித்தான் வைத்தேன்.
ஒன்றாம் வகுப்பில் தோள் ஒன்பது.
மூன்றாம் வகுப்பில் ஒன்பது.
மடித்த துணியைப் பிரிக்கவேயில்லை,
உள்ளே அது நிறம் மங்காமல் இருந்தது.
ஐந்தாம் வகுப்பில்
எட்டேமுக்கால்.

டேப் இழுபட்டுவிட்டது என்று
வடசேரியில் போய்ப் புது டேப் வாங்கினேன்.
புது டேப்பிலும்
எட்டேமுக்கால்.

அவள் அம்மா சுஜா
நூல்கண்டுகளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:
“தோளெலும்பு தேயுதாம்.
உள்ளே கோடிக்கணக்குல எழுத்து இருக்காம்,
அதுல ஒரே ஒரு எழுத்து மாறிப்போச்சாம்.
எனக்கிட்ட இல்ல, அவருக்கிட்டயும் இல்ல,
வார வழியில எங்கயோ.”
பில்லில் ஒன்றை ஏழாக எழுதி
சண்டை வாங்கியவன் நான்.
ஒன்றும் சொல்லவில்லை.

தலையில் முடி கிடையாது.
கார்பன் வைத்துச் சக்கரம் ஓட்டியதுபோல
நீல நரம்புகள் தெரியும்.
குரல் மட்டும் விசில்.
“இரணியல் பஸ்ஸில ஒருத்தர் எழும்பி
உக்காருங்கம்மான்னாரு மாமா.
உக்காந்தேன்.
எங்க போறீங்கன்னாரு.
எட்டாங்கிளாசுக்குன்னேன்.”
சொல்லிவிட்டு அவளே முதலில் சிரித்தாள்.
சிரித்ததில் மூச்சு வாங்கியது.

என் மாடிக்குப் படி பதினாலு.
அவள் நெஞ்சுக்கு ஆகாது என்று
நான்தான் டேப்போடு இறங்கிப் போவேன்,
மருந்துக்கடை பெஞ்சில் ஏற்றி நிறுத்தி
அளவெடுப்பேன்.
இந்த வருசம் இறங்க வேண்டாம் என்றுவிட்டாள்.
ஏழாம் படியில் ஒரு தடவை,
பன்னிரண்டில் ஒரு தடவை
உட்கார்ந்து
ஏறி வந்தாள்.

ஒன்பதாம் வகுப்பு.
பாவாடை முடிந்தது, இனிச் சுடிதார், மேலே கோட்டு.
நாலு வயசு உடம்புக்கு
யாரும் கோட்டு தைத்ததில்லை;
என்னிடம் அட்டையும் இல்லை.
பழைய காலண்டர் தாளில் புதிதாக வெட்டினேன்.
முதுகில் ஜிப் வைத்தால் கை எட்டாது,
முன்னால் பட்டன்.
விரல் மடங்காது,
பட்டன் ஓட்டை கொஞ்சம் பெரிசு.
சாக்கட்டியை எடுத்தேன்,
இருபத்திரண்டு வருசப் பழக்கம்,
கீழே இரண்டு இஞ்சு தள்ளிக் கோடு போட்டேன்.

“மாமா, வளர்த்தி விடாதீங்க.”

மிஷின் சத்தம் நின்றது.
சுஜா ஜன்னல் பக்கம் போய்
குளச்சல் பஸ் வருகிறதா என்று பார்த்தாள்.
அப்போதுதான் ஒன்று போயிருந்தது.

“அந்தத் துணியில ஒரு பாக்கெட் வையுங்க.
பொம்பளப்பிள்ளைங்க உடுப்புக்கு
நீங்க பாக்கெட்டே வைக்கமாட்டீங்க.”
“பாக்கெட் எதுக்கு மக்கா?”
“கைய விட்டுட்டு நடக்கத்தான்.”

சனிக்கிழமை போட்டுப் பார்த்தாள்.
கண்ணாடி முன்னால் இப்படியும் அப்படியும் திரும்பி
வலதுகையைப் பாக்கெட்டில் விட்டாள்.
“கொள்ளாம்.
ஆனா ஆழம் பத்தாது.”

பிரித்தேன்.
அளவுக்குமேல் ஒரு துண்டு
கோட்டுத் துணியில் மிச்சம் இருந்தது.
ஒட்டுப்போட்டுக் கொடுத்தேன்.
கூலியை எண்ணி வாங்கிக்கொண்டேன்,
குறைத்தால் சண்டைக்கு வருவாள்.

அவள் கட்டத்தில்
தோளுக்கு என்ன எழுத என்று கேட்டாள் லில்லிபுஷ்பம்.
எட்டரை என்றேன்.
பிறகு பக்கத்தில்
இதுவரை யாருக்கும் போடாத ஒரு கட்டம் போட்டு
பாக்கெட் என்று எழுதச் சொன்னேன்.
ஐந்து.
ஐந்தை அடித்து,
ஆறு.